பின்னால் இழுத்துப் பார்

அக்கா மகள் மதுரையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தீபாவளி விடுமுறைக்கு வந்தவள் பையிலிருந்து முதலில் எடுத்தது மடிக்கணினியை. "மாமா, எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க. கிளாஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க." மூன்று மென்பொருள்களை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தாள். மூன்றிலும் கதை ஒன்றுதான்: படம் நாலு நொடி ஓடும், நிற்கும், சத்தம் மட்டும் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

இருபது வருடம் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைத்தவன் நான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. "டைம்லைன்ல அந்தக் கோட்டைப் பிடிச்சு மெதுவா பின்னால இழு" என்றேன்.

இழுத்தாள். முன்னால் இழுத்தபோது தட்டுத் தடுமாறியாவது நகர்ந்த படம், பின்னால் இழுத்ததும் உறைந்து நின்றது. விசிறி இரைந்தது. மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் கைவைக்க முடியவில்லை.

டிரான்சிஷன் எத்தனை, ஃபில்டர் எத்தனை, டைட்டில் டெம்ப்ளேட் எத்தனை என்றுதான் மாணவர்கள் மென்பொருள்களை ஒப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஒப்பிட வேண்டியது இந்தப் பின்னிழுப்பை. சொந்தக் கணினியில், சொந்தக் கைப்பேசியில் எடுத்த கிளிப்பைப் போட்டு, பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

அவள் தோழியின் கைப்பேசியில் 4கே-யில் எடுத்திருந்தாள். 4கே என்றால் ஒரு ஃபிரேமுக்கு 3840 பெருக்கல் 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 25 எம்பி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 746 எம்பி. நிமிடத்துக்கு 45 ஜிபி-யை நெருங்கும். ஆறு நிமிடக் குறும்படத்துக்காக ஒன்றேகால் மணி நேரம் எடுத்து வைத்திருந்தாள். அதை அப்படியே சேமித்தால் 3,300 ஜிபி-க்கு மேல் வரும். கைப்பேசியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி-யில் முடித்திருந்தது. இருநூற்று அறுபதில் ஒரு பங்கு. மீதி எங்கே போனது?

கொஞ்சம் நம் கண்ணின் பலவீனத்தில் போனது. வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கிற கண், நிற வேறுபாட்டை அத்தனை நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. அதனால் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை நாலு புள்ளிக்கு ஒன்று என்று வைக்கிறார்கள். அதிலேயே பாதி குறைந்துவிடும். (பச்சைத் துணிக்கு முன்னால் கைப்பேசியில் எடுத்த ஆளின் தலைமுடி ஓரம் எலி கடித்த மாதிரி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.)

இன்னும் கொஞ்சம் ஒரு கணிதத்தில் போனது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, தன் ஆய்வு மாணவர் டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சதுரத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் எழுதுவதற்குப் பதில், அகலமான அலைகள் எவ்வளவு, நெருக்கமான அலைகள் எவ்வளவு சேர்ந்தால் அந்தச் சதுரம் உண்டாகும் என்று எழுத வேண்டும். சுவரிலும் வானத்திலும் கன்னத்திலும் நெருக்கமான அலைகள் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். அவற்றைத் தூக்கிப் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஆய்வுக்கு நிதி கேட்டு அகமது 1972-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தார். கொடுக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்து. ஜேபெக் படத்திலிருந்து கைப்பேசி வீடியோ வரை எல்லாம் இன்று நிற்பது அந்த எளிமையின் மேல்தான்.

ஆனால் பெரிய மிச்சம் மூன்றாவது வழியில் வருகிறது. அவளுடைய மடிக்கணினியைத் திணறடித்ததும் அதுதான்.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சோம்பேறி வாத்தியார் ஒன்றாம் தேதி மட்டும் 40 பெயரையும் எழுதுகிறார். மறுநாள், "நேற்று மாதிரிதான், 14 மட்டும் வரவில்லை." அதற்கு மறுநாள், "நேற்று மாதிரிதான். 14 வந்தாச்சு, 31 இல்லை." பக்கம் எவ்வளவோ மிச்சம். ஆனால் 29-ஆம் தேதி யார் யார் வந்தார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டால், வாத்தியார் ஒன்றாம் தேதியிலிருந்து படித்துக்கொண்டே வர வேண்டும். கைப்பேசி வீடியோவும் இப்படித்தான். நடுநடுவே ஒரு ஃபிரேம் முழுப்படம். அதைக் கீஃபிரேம் என்பார்கள். மற்றதெல்லாம் மாற்றக் குறிப்பு. போதாததற்கு, அந்தக் குறிப்புகளில் ஒரு வகை முந்தின நாளை மட்டும் சொல்லாமல், இனி வரப்போகிற ஒரு நாளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும்.

நொடிக்கு ஒரு கீஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஓடும்போது தொல்லையில்லை, குறிப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். முப்பதாவது ஃபிரேமில் நின்று ஒரு ஃபிரேம் பின்னால் போகச் சொன்னால்? இருபத்தொன்பதாவதைக் காட்ட மறுபடி ஒன்றிலிருந்து வர வேண்டும். இருபத்தெட்டாவதுக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து. 30, 29, 28 என்று கூட்டிக்கொண்டே போனால், ஒரே ஒரு நொடி பின்னால் நகர 465 ஃபிரேம்களைப் பிரிக்க வேண்டியிருக்கும். ஒரு தடவை பிரித்ததை நினைவகத்தில் வைத்துக்கொண்டால் இவ்வளவு வேலை இல்லைதான். ஆனால் பிரித்த 4கே ஃபிரேம் ஒன்று, ஒளி ஊடுருவும் தன்மைக்கான நாலாவது பைட்டையும் சேர்த்து, ரேமில் 33 எம்பி பிடிக்கும். ஒரு நொடிக்கு ஒரு ஜிபி. அவளுடைய கணினியில் இருப்பது 8 ஜிபி. விண்டோஸும் குரோமும் தின்றது போக மிச்சம் எவ்வளவு என்று அவளே திறந்து பார்த்துக்கொண்டாள்.

எடிட்டிங் வேலையில் பாதி நேரம் பின்னால் போவதிலேயே கழியும். வெட்டும் இடத்தைத் தேடுகிறவர் பத்து ஃபிரேமுக்குள் முன்னும் பின்னுமாக உலாத்திக்கொண்டே இருப்பார். அங்கே கை தடங்கினால், சரியான இடத்தில் வெட்டமாட்டார். தடங்காத இடத்தில் வெட்டிவிட்டு, இதுவே போதும் என்று போய்விடுவார். மாணவர் படங்களில் பாதி கட் இப்படி விழுந்தவைதான் என்பது என் சந்தேகம்.

வேடிக்கை என்னவென்றால், இருபது வருடத்துக்கு முன் எனக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. மினிடிவி டேப்பில் எடுத்த முகூர்த்தத்தை ஃபயர்வயர் கம்பி வழியாக இறக்க ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். 13 ஜிபி வட்டைத் தின்றுவிடும். ஆனால் பென்டியம் 4 கணினியில் எடியஸைத் திறந்து, தாலி கட்டும் இடத்தை முன்னும் பின்னும் இழுத்தால் வெண்ணெயில் கத்தி மாதிரி போகும். மினிடிவி-யில் ஒவ்வொரு ஃபிரேமும் தன்னந்தனியாகச் சுருக்கப்பட்டது. தினமும் 40 பெயரையும் எழுதும் நல்ல வாத்தியார். அவள் கொண்டுவந்த ஒன்றேகால் மணி நேர ஃபுட்டேஜும் கிட்டத்தட்ட அதே 13 ஜிபி-தான். ஆனால் மினிடிவி ஃபிரேம் 720-க்கு 576. இவளுடையது புள்ளிக் கணக்கில் சரியாக அதைப்போல 20 மடங்கு. கோப்பு அதே அளவு, உள்ளே இருக்கும் சரக்கு 20 மடங்கு. பிரிக்கிற வேலை யார் தலையில் விழும்?

அதற்கென்றே செயலிக்குள் தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். இன்டெல் 2011-ல் எச்.264-க்காக இதைக் கொண்டுவந்தது. எச்.264 என்பது 2003-ல் வந்த சுருக்கமுறை. 2013-ல் வந்த எச்.265 அதைவிட இறுக்கமாகச் சுருக்கும். அதை முழுக்க வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி இன்டெலில் ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. அக்கா மகளின் மடிக்கணினி அண்ணன் ஓட்டித் தேய்த்துக் கொடுத்த ஐந்தாம் தலைமுறை ஐ3. தோழியின் புதுக் கைப்பேசி எழுதியதோ எச்.265. இதுதான் நோய். கைப்பேசி கேமரா அமைப்பில் "ஹை எஃபிஷியன்சி" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிட்டு, 4கே-யை முழு எச்டி-க்கு இறக்கி எடுத்திருந்தால் இந்தக் கணினியே ஓரளவு தாங்கியிருக்கும். கணினிக்கு இவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது. எடுத்து முடித்த பிறகு வந்து நின்றவளிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

இனிமேல்தான் மென்பொருள் விஷயம்.

வகுப்பில் பாதிப் பேர் டாவின்சி ரிசால்வ் என்கிறார்களாம். தப்பில்லை. 1984-ல் ஃபுளோரிடாவில் தொடங்கிய டாவின்சி சிஸ்டம்ஸ் ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களுக்கு லட்சக்கணக்கான டாலரில் கலர் இயந்திரம் விற்ற நிறுவனம். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009-ல் அதை வாங்கி, பிறகு மென்பொருளை இலவசமாகவே விட்டது. அவர்கள் சம்பாதிப்பது கேமராவிலும் கருவிகளிலும். இலவசப் பதிப்பில் 4கே வரை எடுக்கலாம், வாட்டர்மார்க் விழாது. காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பும் சந்தா இல்லை, ஒரு தடவை 295 டாலர். இலவசத்தில் இவ்வளவு பெரிய கருவி வேறு கிடையாது என்றே சொல்வேன். ஆனால் அது நிறத்தைக் கணக்கிடும் துல்லியத்துக்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பைட் என்பதை விட்டு, நாலு பைட் எடுத்துக்கொள்கிறது. 33 எம்பி பிடித்த 4கே ஃபிரேம் அங்கே 133 எம்பி. அதையும் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் வைத்துக் கணக்குப் போட விரும்பும். 16 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இருக்கிற கணினியில் அது ராஜா. இவளுடைய மடிக்கணினியில் அதன் முகப்புப் படம் வருவதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். லினக்ஸில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி: இலவசப் பதிப்பு அங்கே எச்.264, எச்.265 கோப்புகளையே திறக்காது. கைப்பேசியில் எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

மீதிப் பாதி பிரீமியர் கட்சி. கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது அதுதான் என்றால் கற்றுக்கொள்வதில் நஷ்டமில்லை. மாணவர் சலுகை விலை படிக்கும்வரைக்கும்தான். அப்புறம் மாதாமாதம் முழுச் சந்தா. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஃபைனல் கட் இருக்கிறது, மற்றவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. பிரீமியர்காரர்களும் ஃபைனல் கட்காரர்களும் சண்டை போடும்போது நான் ஒன்றைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. 1991-ல் வந்த முதல் பிரீமியரை எழுதிய ராண்டி உபியோஸ்தான், அங்கிருந்து வெளியேறி ஃபைனல் கட்டையும் உருவாக்கினார். அதை ஆப்பிள் வாங்கி 1999-ல் வெளியிட்டது. ஒரே சமையல்காரர், இரண்டு ஓட்டல். இன்னொன்றும் சொல்வேன்: ஆஸ்கரில் சிறந்த படமாக வென்ற கொரியப் படம் பாரசைட்டை அதன் எடிட்டர் வெட்டியது ஃபைனல் கட்டின் ஏழாம் பதிப்பில். ஆப்பிள் அந்தப் பதிப்பைக் கைவிட்டு அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. கைக்குப் பழகினது, கணினியில் தடங்காமல் ஓடினது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

கிராக் போட்டுத் தரும் கடைக்காரர்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதத் தேவையில்லை. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்கிற எதையும், மூன்று வருடப் படிப்பு முழுக்க இருக்கிற கணினியில் போடாதீர்கள்.

அவளுக்கு நான் போட்டுக் கொடுத்தது கேடன்லைவ். 2002-லிருந்து வளர்ந்து வரும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தமிழக அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்ததே, அந்த மாதிரிக் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ்களிலும் ஓடும். ஷாட்கட் என்று இன்னொன்று உண்டு, அதுவும் இலவசம். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் எஞ்சின் ஒன்றே. பார்க்க அத்தனை பளபளப்பு இருக்காது. அவ்வப்போது மூடிக்கொள்ளும் வழக்கமும் கேடன்லைவுக்கு உண்டு. கன்ட்ரோல் எஸ்-ஸை மூச்சு விடுவதுபோல் அழுத்திப் பழக வேண்டும். நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் ப்ராக்ஸி. கனமான கிளிப் ஒவ்வொன்றுக்கும் சின்ன நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, எடிட்டிங் முழுவதையும் நகலில் நடத்தி, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் அசலை எடுத்துக்கொள்வது. 960-க்கு 540 அளவில் நகல் எடுத்தால் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்கு. ரிசால்விலும் பிரீமியரிலும் கூட இந்த வசதி உண்டு. இங்கே ஒரு பெட்டியில் டிக் போட்டால் முடிந்தது, மற்ற எடை இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒன்றேகால் மணி நேர ஃபுட்டேஜையும் கொடுத்து, "விடிய விடிய இது ஓடட்டும்" என்று விட்டுவிட்டோம்.

கிளிப்களைப் போட்டபோது மென்பொருளே ஓர் எச்சரிக்கை காட்டியது: ஃபிரேம் வேகம் சீராக இல்லை. அவள் எடுத்தது ராத்திரிப் பூக்கடை. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும்; 30 என்று பேர், நிஜத்தில் 29.7 வரும். எடிட்டிங் டைம்லைனோ சீரான வேகத்தை நம்பி ஓடுவது. அந்த வித்தியாசத்தைக் கவனிக்காத மென்பொருளில் பத்து நிமிடக் கிளிப்பின் முடிவில் 180 ஃபிரேம் குறையும், அதாவது ஆறு நொடி. பேட்டி எடுத்த மாணவர்கள் "ஆரம்பத்துல லிப் சிங்க் சரியா இருந்துச்சு, போகப் போக விலகுது" என்று புலம்புவது இதைத்தான். சீரான வேகத்துக்கு மாற்றித் தரவா என்று அது கேட்டது, மாற்றச் சொன்னோம். கேட்காத மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஹேண்ட்பிரேக் என்கிற இலவசக் கருவியில் முதலில் மாற்றிக்கொண்டு அப்புறம் டைம்லைனுக்குப் போகலாம்.

படத்துக்குப் பெயர் "பொட்டலம்". அவளுடைய மூன்று மென்பொருள்களில் ஒன்றில் டைட்டில் போட்டு வைத்திருந்தாள், முதலெழுத்தே உடைந்திருந்தது. ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய், துணைக்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இது எழுத்துருவின் குற்றமில்லை. யூனிகோடில் நாம் 'பொ' என்று தட்டினால், கணினி முதலில் ப, அதன் பின் ஒகரக் குறி என்று உச்சரிப்பு வரிசையில் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பைப் பிரித்து முன்னாலும், காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். வலப்பக்கம் வரிசையாக எழுத்தை அடுக்கிக்கொண்டே போவதை மட்டும் மனதில் வைத்து எழுதிய டைட்டில் கருவிக்கு இந்தப் பிரித்து வைக்கும் வேலை தெரியாது. தெரிந்த மென்பொருளிலும் அது சில நேரம் அமைப்புக்குள் ஒளிந்திருக்கும்: பிரீமியரில் கிராபிக்ஸ் அமைப்புக்குப் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் ஊர் டிசைனர்கள் இன்னும் பாமினி எழுத்துருவை விடாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். பாமினியில் 'பொ' என்பது கணினியைப் பொறுத்தவரை என், ஜி, எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள்; கொம்பு, ப, கால் என்ற வடிவம் மட்டும் அவற்றின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த மென்பொருளும் அதை ஒழுங்காகவே காட்டும். ஆனால் அதே பாமினியில் அடித்த வசனத்தைச் சப்டைட்டில் கோப்பாக யூடியூபில் ஏற்றினால், பார்ப்பவருக்கு ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டும். ஆகவே மென்பொருள் தேடும் தமிழ் மாணவருக்கு என் இரண்டாவது சோதனை இது: டைட்டிலில் பொ, கௌ, ஸ்ரீ மூன்றையும் அடித்துப் பாருங்கள். உடைந்தால், டைட்டிலை வேறு வரைகலை மென்பொருளில் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து வைக்கலாம். கேடன்லைவில் உடையவில்லை. எழுத்து எழுத்தாகத் தட்டச்சாகும் எஃபெக்ட் வேண்டும் என்றாள். சில நேரம் அது முதலில் வெறும் ப-வைக் காட்டி, அடுத்த நொடி 'பொ' ஆக்கும். அதைக் கைவிட வைத்தேன்.

பத்து மணிக்கு மேல், கேடன்லைவ் சேமித்து வைத்த புராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினேன். வீடியோ கோப்பை நோட்பேடில் திறந்தால் குப்பை தெரியும் என்று எதிர்பார்த்தாள். தெரிந்ததெல்லாம் படிக்கக்கூடிய எழுத்து: எந்த ஃபோல்டரில் எந்த கிளிப், அதில் எத்தனையாவது நொடியிலிருந்து எத்தனையாவது நொடி வரை. அவ்வளவுதான். எந்த எடிட்டிங் மென்பொருளும் வீடியோவை வெட்டுவதில்லை, இந்தக் குறிப்பை மட்டும் எழுதுகிறது. அசல் கிளிப் வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். புராஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய், "மீடியா ஆஃப்லைன்" என்ற அறிவிப்பைப் பார்த்து முழிக்காத விஸ்காம் மாணவர் இருப்பாரா தெரியவில்லை. ரிசால்வில் இன்னும் ஒரு சிக்கல்: அது புராஜெக்டைத் தனிக் கோப்பாக வைக்காமல் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் செய்து எடுத்தால்தான் கையில் கோப்பு கிடைக்கும்.

பதிப்பும் பார்க்க வேண்டும். புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு பொதுவாகத் திறக்காது. நான் ஒரு தடவை இதில் மாட்டியிருக்கிறேன். வீட்டில் அப்டேட் செய்து எடிட் முடித்த வளைகாப்பு வீடியோவை எடுத்துக்கொண்டு நண்பரின் ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே ஒரு பதிப்பு பழசு. விடியும்வரை உட்கார்ந்து மொத்தத்தையும் மறுபடி வெட்டினேன். வீட்டில் இருப்பதும் ஆய்வகத்தில் இருப்பதும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். செமஸ்டர் நடுவில் அப்டேட் பொத்தானைத் தொடாதே என்றேன்.

"அப்ப மொபைல் ஆப்லயே பண்ணிடலாமே மாமா?" ரீல்ஸுக்கு அதுவே சரி. எடுத்த கைப்பேசியிலேயே எச்.265 பிரிக்கும் சில்லும் இருப்பதால், இவளுடைய மடிக்கணினி திணறியதை அது சிரித்துக்கொண்டே ஓட்டும். ஆனால் அங்கே வெட்டியதை வெளியே எடுத்து வேறெங்கும் தொடர்வது பெரும்பாலும் முடியாது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எடிட்டிங் செயலியான விவாவீடியோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக்கோடு கேப்கட்டும் திடீரென்று நின்று, பிறகு திரும்பியது. பாதியில் இருந்த வேலையை வைத்துக்கொண்டிருந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். கணினி மென்பொருள்களுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கட் பட்டியலைக் கொண்டுபோகப் பொதுவான கோப்பு வடிவங்கள் இருக்கின்றன. பிக்ஸார் உருவாக்கிக் கொடுத்த ஓப்பன் டைம்லைன் ஐஓ அதில் ஒன்று. கேடன்லைவும் எழுதும், ரிசால்வும் படிக்கும். வீட்டில் இதில் வெட்டிவிட்டு, ஆய்வகத்தில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிற கணினியில் ரிசால்வைத் திறந்து கலர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். எஃபெக்டுகள் கூடவே வராது, கட் வரும்.

காலையில் ஆறரைக்கு எழுந்து பார்த்தபோது ப்ராக்ஸி முடிந்திருந்தது. விசிறி அமைதியாக இருந்தது. அவள் பல் கூடத் துலக்காமல் வந்து உட்கார்ந்து, பூக்கடைக்காரர் மல்லிகையை வாழையிலையில் வைத்து நார் சுற்றும் கிளிப்பைப் போட்டாள். கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நார் ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. மடித்த இலை தானாக விரிந்தது. பூ கையிலிருந்து மேலே எழும்பித் தட்டுக்குத் திரும்பியது. எங்கேயும் தடங்கவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

"மாமா, படத்தை இப்படியே பின்னாலயே ஓட விட்டுடலாமா?"